மூளை மறுபடியும் கற்கும்: நரம்பு மறுவாழ்வு சிகிச்சைக்கு ஓர் எளிய அறிமுகம்

பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், உயிராபத்து நீங்கி வீடு திரும்புகிறார். ஒரு பக்கக் கையும் காலும் விளங்கவில்லை. பேச்சு குழறுகிறது. இந்தக் கட்டத்தில் குடும்பத்தார் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வந்துவிடுகிறார்கள். மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்து, அலட்டாமல் படுக்க வைத்திருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்பது ஒன்று. மூளையில் அடிபட்டால் போனது போனதுதான், இனி உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வதே நம் கடமை என்பது மற்றொன்று. இரண்டுமே அன்பிலிருந்து பிறப்பவை. இரண்டுமே தவறு. இரண்டும் நோயாளியைக் கடைசியில் படுக்கையில்தான் கொண்டுபோய் விடுகின்றன.

இவற்றுக்கு நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதுதான் நரம்பு மறுவாழ்வு சிகிச்சை. காயத்தாலோ நோயாலோ மூளையும் தண்டுவடமும் நரம்புகளும் இழந்த திறன்களை மீண்டும் கற்பிப்பது, மீளாதவற்றுக்கு மாற்று வழி கண்டுபிடிப்பது, அதுவரை உடல் மேலும் கெடாமல் காப்பது ஆகிய மூன்றும் அதில் அடக்கம். பக்கவாதம், விபத்தில் ஏற்படும் தலைக்காயம், தண்டுவடக் காயம், மூளைக்காய்ச்சல், மூளைக்கட்டி, கில்லன்-பாரே நோய் (உடலின் எதிர்ப்பு சக்தியே கை கால் நரம்புகளைத் தாக்குவது), மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் (அதே சக்தி மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்குவது), அசைவுகளை மெதுவாக்கி நடுக்கம் தரும் பார்க்கின்சன் எனப் பல நிலைகளில் இது தேவைப்படுகிறது. நோய்கள் வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றே. அறுவை சிகிச்சையின்போது நோயாளி மயக்கத்தில் இருந்தால் போதும். வேலையை மருத்துவர் பார்த்துக்கொள்வார். மறுவாழ்வு சிகிச்சையிலோ நோயாளி விழித்திருந்து, முயன்று, தவறி, மறுபடியும் முயல வேண்டும். அங்கே நடப்பது கற்றல். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், சிகிச்சையாளர்கள் ஏன் இப்படியெல்லாம் படுத்துகிறார்கள் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்பணுக்கள், இருக்கின்றன. பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டுப் பக்கவாதம் ஏற்பட்டால், சிகிச்சை கிடைக்கும் வரை ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நியூரான்கள் மடிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தோலில் கீறல் பட்டால் புதுத் தோல் வளர்கிறது. மூளையில் மடிந்த பகுதி அப்படி வளர்ந்து நிரம்புவதில்லை. கை கால்களில் ஓடும் புற நரம்புகளின் கதை வேறு. நரம்பின் உறை சரியாக இருந்தாலோ அறுந்ததைச் சேர்த்துத் தைத்தாலோ, அவை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் மெல்ல வளரக்கூடியவை. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அந்த வசதி இல்லை.

நரம்பியலின் தந்தையாகக் கருதப்படுபவர் ஸ்பெயின் நாட்டின் சந்தியாகோ ரமோன் இ கஹால். 1906-இல் நோபல் பரிசு பெற்றவர். வளர்ந்தவர்களின் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புப் பாதைகள் இறுகி முடிந்துபோனவை, அங்கே எல்லாம் மடியலாம், எதுவும் மறுபடி முளைக்காது என்று அவர் எழுதினார். இந்தக் கடுமையான விதியை மாற்றுவது எதிர்கால அறிவியலின் வேலை என்றும் அதே இடத்தில் எழுதினார். முதல் பாதியை மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் பாதியை மறந்துவிட்டது.

மடிந்த நியூரான்கள் திரும்பாது என்றால் குணம் எப்படிக் கிடைக்கிறது? இரண்டு விதமாக. முதலாவது தானாக நிகழ்வது. காயம் பட்ட இடத்தைச் சுற்றி வீக்கம் இருக்கும். ரத்தம் குறைந்ததால் செயலிழந்து, ஆனால் சாகாமல் கிடக்கும் பகுதிகளும் இருக்கும். காயத்திலிருந்து தொலைவில் இருக்கும் பகுதிகள்கூட, அங்கிருந்து வரவேண்டிய செய்தி நின்றுபோனதால் திகைத்து ஓய்ந்துவிடுவதுண்டு. நாட்களும் வாரங்களும் செல்லச் செல்ல வீக்கம் வடிகிறது, ஓய்ந்தவை விழிக்கின்றன. முதல் சில வாரங்களில் காணும் முன்னேற்றத்தில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

இரண்டாவது, கற்றலால் வருவது. பிழைத்த நியூரான்கள் தங்களுக்குள் புதிய இணைப்புகளை ஏற்படுத்திக்கொள்கின்றன. பழைய இணைப்புகளை வலுப்படுத்துகின்றன. மடிந்தவை செய்துவந்த வேலையில் ஒரு பகுதியை அக்கம்பக்கத்துப் பகுதிகள் ஏற்றுக்கொள்கின்றன. நியூரோபிளாஸ்டிசிட்டி எனப்படும் நெகிழ்திறன் இதுதான். சேர்ந்து இயங்கும் நியூரான்களுக்கு இடையேயான பிணைப்பு வலுப்பெறுகிறது என்ற கருத்தைக் கனடா உளவியலாளர் டொனால்டு ஹெப் 1949-இலேயே முன்வைத்தார். நாம் சைக்கிள் ஓட்டக் கற்றதும், புதிய மொழி கற்றதும் இதே திறனால்தான். காயத்துக்குப் பிறகு மூளை புதிதாக எந்த மாயமும் செய்வதில்லை. கற்கும் அதே பழைய கருவிகளைக் கொண்டுதான் மீள்கிறது.

பயன்படுத்தாததும் ஒரு பாடம்

நெகிழ்திறன் என்றதும் பலர் அதை நல்ல செய்தியாக மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். அதன் மறுபக்கத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மூளை எதைச் செய்கிறோமோ அதைக் கற்கிறது. செய்யாமல் விட்டால், செய்யாமல் இருக்கவும் கற்றுக்கொள்கிறது.

1996-இல் நரம்பியல் ஆய்வாளர் ரேண்டால்ஃப் நூடோவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதை அருகில் நின்று காட்டுகிறது. அணில் குரங்குகளின் மூளையில், கையை இயக்கும் பகுதியில் ஒரு சிறு இடம் மட்டும் ரத்த ஓட்டம் நின்று சேதமடைந்தது. அப்படியே விடப்பட்ட குரங்குகளில், சேதமடைந்த இடத்துக்குப் பக்கத்திலிருந்த, காயமே படாத கைப்பகுதியும் சுருங்கிப்போனது. சிறு குழிகளிலிருந்து உணவுத் துணுக்குகளை விரலால் எடுக்கும் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்த குரங்குகளில் அந்தச் சுருக்கம் ஏற்படவில்லை. சிலவற்றில் விரல்களுக்கான பகுதி, முன்பு முழங்கைக்கும் தோளுக்கும் உரியதாக இருந்த இடத்துக்குள்ளும் விரிந்தது. காயம் ஒன்றுதான். பயிற்சி இருந்ததா இல்லையா என்பதே வேறுபாடு.

எட்வர்ட் டாப் என்ற ஆய்வாளர் இன்னொரு கோணத்தில் இதைக் கண்டார். ஒரு கையின் உணர்வு நரம்புகளைத் துண்டித்தால், இயக்க நரம்புகள் நன்றாகவே இருந்தும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடும். நல்ல கையைக் கட்டிவைத்தால் உணர்வற்ற கையைப் பயன்படுத்தத் தொடங்கும். ஆக, அந்தக் கையால் முடியாமல் போகவில்லை. தொடக்கத்தில் முயன்றபோதெல்லாம் தோல்வி, மற்றக் கையால் செய்தபோதெல்லாம் வெற்றி. விளைவாக, பயன்படுத்தாமையை அது கற்றுக்கொண்டுவிட்டது.

மனிதர்களிலும் இதுவே நடக்கிறது. வலது கை தளர்ந்தவர் இடது கையால் சட்டைப் பொத்தானைப் போடப் பழகிவிடுகிறார். வேலை முடிகிறது. ஆனால் வலது கையில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்த வலுவுக்கு வேலையே கிடைப்பதில்லை. டாப் வகுத்த சிகிச்சைமுறை இதை நேரடியாக எதிர்கொள்கிறது: விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பாதிக்கப்பட்ட கைக்குப் பல மணி நேரப் பயிற்சி தருவது. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆன 222 பேரிடம் இரண்டு வாரங்கள் இதைச் செய்து பார்த்த ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் கைத்திறன் மேம்பட்டது. ஓராண்டுக்குப் பிறகும் அந்த மேம்பாடு நீடித்தது. ஒரு நிபந்தனை உண்டு. மணிக்கட்டிலும் விரல்களிலும் கொஞ்சமாவது அசைவு திரும்பியவர்களுக்கே இது பொருந்தும். துளியும் அசையாத கைக்கு இதை வீட்டில் தாமாகவே முயல்வது வேதனையில்தான் முடியும்.

ஒரு பயிற்சியை அருகில் பார்ப்போம்

நாற்காலியிலிருந்து எழுவது நமக்கு ஒரு நொடி வேலை. பக்கவாதம் வந்தவருக்கு அது ஒரு பாடத்திட்டம்.

முதலில் பிட்டத்தை இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்த்த வேண்டும். பாதங்கள் முழங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், குதிகால் உட்பட முழுதாகத் தரையில் படிய வேண்டும். பிறகு உடம்பை முன்னோக்கிச் சாய்க்க வேண்டும், மூக்கு கால் விரல்களுக்கு நேர் மேலே வரும் அளவுக்கு. பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். முகங்குப்புற விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் முதுகை நிமிர்த்திக்கொண்டே எழப் பார்க்கிறார்கள். எடை பின்னால் இருப்பதால் மறுபடியும் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அல்லது எடை முழுவதையும் நல்ல காலில் போட்டு, கைப்பிடியை இழுத்துக்கொண்டு எழுகிறார்கள். எழுந்துவிட்டாரே என்று பார்ப்பவர்களுக்கு மகிழ்ச்சி. சிகிச்சையாளருக்கு இல்லை. தளர்ந்த கால் அந்த வேலையில் பங்கெடுக்கவே இல்லையே.

அதனால் அவர் தளர்ந்த காலின் பாதத்தை மற்றதைவிடச் சற்றுப் பின்னால் வைக்கச் சொல்வார். எழும்போது எடை தானாக அந்தக் காலுக்குப் போகும். முழங்கால் மடங்கிவிடாமல் தன் கையால் தாங்குவார். தொடக்கத்தில் உயரமான இருக்கை. அது எளிதானதும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்த இருக்கை. அதுவும் எளிதானதும், கையில் ஒரு டம்ளர் தண்ணீருடன். நோயாளி பத்து முறைக்கு ஐந்தாறு முறை வென்று, மற்ற முறைகளில் தடுமாறும் அளவிலேயே சிரமத்தை வைத்திருப்பதில் நல்ல சிகிச்சையாளரின் கைவண்ணம் தெரியும். எப்போதும் வென்றால் கற்க எதுவும் இல்லை. எப்போதும் தோற்றால் மனம் விட்டுப்போகும்.

இதில் கவனிக்க வேண்டியது, எழுவதற்கான பயிற்சி எழுவதாகவே இருக்கிறது என்பது. குறிக்கோள் எதுவோ அதையே பயில வேண்டும். இந்த விதிக்கு எதிராக வீடுகளில் அதிகம் நடப்பது ரப்பர் பந்துப் பயிற்சி. கை தளர்ந்தவரிடம் பந்தைக் கொடுத்து நாள் முழுக்க அமுக்கச் சொல்கிறார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு விரல்கள் மடங்குவது விரைவில் திரும்பிவிடும், விரிவதுதான் கடினம். பிடித்த டம்ளரை விட முடியாமல் தவிப்பவருக்குப் பந்து அமுக்கும் பயிற்சியால் என்ன பயன்? டம்ளரை நோக்கிக் கையை நீட்டுவது, விரல்களைத் திறப்பது, பிடிப்பது, இடம் மாற்றி வைப்பது, விடுவது ஆகியவையே அவருக்கு வேண்டிய பயிற்சி.

அடுத்தது எண்ணிக்கை. பக்கவாத நோயாளிகளின் பயிற்சி நேரங்களை நேரில் கவனித்து 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், பயனுள்ள கையசைவுகள் ஒரு பயிற்சி வேளைக்குச் சராசரியாக 32 மட்டுமே இருந்தன. விலங்குகளின் மூளையில் மாற்றத்தைக் காட்டிய சோதனைகளிலோ ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை. சிகிச்சையாளருடன் கழியும் ஒரு மணி நேரத்தோடு பயிற்சி முடிந்துவிட்டது என்று இருக்கக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அந்த ஒரு மணி நேரம் சரியாகச் செய்யும் முறையைக் கற்கும் நேரம். மீதி நாள்தான் பயிற்சிக் கூடம்.

அதற்காக முதல் நாளே விரட்டக்கூடாது. பக்கவாதம் வந்து 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி, நிறுத்தி, நடக்க வைப்பதை ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2015-இல் வெளியானது. எதிர்பார்ப்புக்கு மாறாக, வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களே மூன்று மாதங்கள் கழித்து மேலான நிலையில் இருந்தார்கள். சீக்கிரம் தொடங்கலாம், முதல் நாளில் அளவு கொஞ்சமாக இருக்க வேண்டும். எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவக் குழுதான் சொல்ல வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இழப்புகள்

கையும் காலும் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. மற்றவை தப்பிவிடுகின்றன.

விழுங்குவதை முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் அது உயிர் சம்பந்தப்பட்டது. தொண்டைத் தசைகள் ஒத்துழைக்காதபோது தண்ணீரும் உணவும் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவை உண்டாக்கும். புரையேறி இருமினால் தெரிந்துகொள்ளலாம். சிலருக்கு இருமல்கூட வராது. ஆகவே பக்கவாதம் வந்தவருக்கு, விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் முன் வாயில் எதையும் கொடுக்கக்கூடாது, ஒரு வாய்த் தண்ணீர் உட்பட. பேச்சு சிகிச்சையாளரின் வேலையில் இதுவும் அடங்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பேச்சிழப்பு அடுத்தது. மூளையின் இடது முன்பகுதி சேதமடைந்தால் பேச்சு போகும் என்பதை 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் ப்ரோக்கா காட்டினார். அஃபேசியா எனப்படும் இந்த நிலையில் இருப்பவர் அறிவை இழந்துவிடவில்லை. சொல் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது, வெளியே வர மறுக்கிறது. சிலருக்கு மற்றவர் சொல்வதைப் புரிந்துகொள்வதிலும் சிக்கல் இருக்கும். அவரிடம் குழந்தையிடம் பேசுவதுபோலக் கொஞ்சிப் பேசுவதும், அவர் தேடும் சொல்லை முந்திக்கொண்டு சொல்லிவிடுவதும், அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மற்றவரிடம் பேசுவதும் கூடாது. சிறு வாக்கியம், ஒரு நேரத்தில் ஒரு செய்தி, பிறகு காத்திருத்தல். பத்து நொடி மௌனம் நமக்கு நீளமாகத் தோன்றும். அவருக்கு அது தேவை. பேச முடியாத சிலருக்குப் பழகிய பாட்டைச் சொற்களுடன் பாட வரும். 1970-களிலிருந்து, இராகத்தோடு சொல்லிப் பழகி மெல்லப் பேச்சுக்கு வரும் பயிற்சிமுறை ஒன்றும் கையாளப்படுகிறது.

மூளையின் வலப்பக்கம் சேதமடைந்தவர்களில் சிலருக்கு இடப்பக்க உலகமே இல்லாமல் போய்விடும். தட்டின் வலப்பாதியில் உள்ளதை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பசிக்கிறது என்பார்கள்; முகத்தில் ஒரு பாதியை மட்டும் சவரம் செய்துகொள்வார்கள். கண் பார்வை கெடவில்லை, கவனம் அந்தப் பக்கம் போகவில்லை. இதைப் பிடிவாதம் என்று நினைத்துக் கோபிப்பது கொடுமை.

தலைக்காயத்துக்குப் பிறகு நினைவாற்றல், கவனம், திட்டமிடும் திறன், கோபத்தை அடக்கும் திறன் ஆகியவை பாதிக்கப்படலாம். ஆள் நடமாடுகிறார், நன்றாகப் பேசுகிறார், அதனால் குணமாகிவிட்டார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவரால் பழைய வேலையில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. இங்கே பயிற்சியோடு மாற்று வழிகளும் தேவை. குறிப்பேடு, கைபேசியில் அலாரம், பொருள்களுக்கு மாறாத இடம், ஒரே வரிசையில் அன்றாட வேலைகள். இவற்றைத் தோல்வியின் அடையாளமாக எண்ண வேண்டாம். கண்ணாடி அணிவதை யாரும் தோல்வி என்பதில்லை.

பார்க்கின்சன் நோயில் நடை திடீரென்று உறைந்து, கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். தரையில் குறுக்குக் கோடுகள் போட்டு அவற்றைத் தாண்டச் சொன்னால் பலருக்குக் கால் எழும். தானாக நடக்கும் பாதை தடைப்பட்டபோது, பார்த்து நடக்கும் பாதை கைகொடுக்கிறது.

மனச்சோர்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அது வருகிறது. பயிற்சிக்கு வர மறுப்பவரைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன், அவர் மனச்சோர்வில் இருக்கிறாரா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதற்குச் சிகிச்சை உண்டு.

உடலைக் காப்பது

மூளை கற்றுக்கொள்ளும் வரை உடல் தயாராக இருக்க வேண்டும். தளர்ந்த தோளின் மூட்டைப் பிடித்து வைக்கும் தசைகள் வலுவிழந்திருப்பதால், அந்தக் கையைப் பிடித்து இழுத்து நோயாளியைத் தூக்கினால் மூட்டு விலகித் தீராத வலி வரும். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் ஆபத்து. தூக்கும் முறையைச் சிகிச்சையாளரிடம் நேரில் செய்து காட்டச் சொல்லிக் கற்க வேண்டும். தசைகள் இறுகிப்போகாமல் தினமும் மூட்டுகளை முழுதாக அசைத்துவிட வேண்டும். திரும்பிப் படுக்க முடியாதவரை இரவிலும் பகலிலும் குறித்த இடைவெளியில் திருப்பிவிட வேண்டும்.

இந்த எளிய வேலை எத்தனை உயிர்களைக் காத்திருக்கிறது என்பதற்கு வரலாறு இருக்கிறது. தண்டுவடம் முறிந்தவர்கள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துவிடுவார்கள் என்பதே இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் நிலைமை. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளைத் திருப்பிவிடுவதைக் கட்டாயமாக்கினார். பிழைத்தவர்களைப் படுக்கையோடு விடவில்லை. வில்வித்தை பழகச் சொன்னார், வேலைக்குப் பயிற்றுவித்தார். 1948-இல் அவர் 16 பேரை வைத்து நடத்திய வில்வித்தைப் போட்டியிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பாராலிம்பிக்.

எவ்வளவு நாள், எவ்வளவு தூரம்?

பக்கவாதத்தில் முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் வேகமாக இருக்கும். ஆறு மாதங்களுக்குப் பிறகு மெதுவாகும். ஆனால் ஆறு மாதத்தோடு கதவு சாத்தப்பட்டுவிடும் என்ற பேச்சை ஏற்கவே கூடாது. மேலே சொன்ன உறை மாட்டும் சிகிச்சை பக்கவாதம் வந்து பல ஆண்டுகள் கழித்தும் பலருக்குப் பயன் தந்திருக்கிறது. தலைக்காயத்தில் மீட்சி ஆண்டுக்கணக்கில் தொடரலாம். கில்லன்-பாரே நோயில் பெரும்பாலோர் நடக்கத் திரும்புகிறார்கள். தண்டுவடம் முழுதாகத் துண்டிக்கப்பட்டிருந்தால் கால் அசைவு திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு. அங்கே குறிக்கோள் வேறாக இருக்கும்: சக்கர நாற்காலியில் தாமே ஏறி இறங்குவது, வேலைக்குப் போவது, குடும்பம் நடத்துவது.

குறிக்கோள் என்பதைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஏற்ற வகைப்பாடு ஒன்று நல்ல தெளிவைத் தருகிறது. உடலின் இயக்கம், அன்றாடச் செயல், சமூகத்தில் பங்கேற்பு என்று அது மூன்று தளங்களைப் பிரிக்கிறது. விரல் பத்து டிகிரி கூடுதலாக விரிவது முதல் தளம். அந்த விரலால் சட்டைப் பொத்தானைப் போடுவது இரண்டாம் தளம். அந்தச் சட்டையை அணிந்து நண்பரின் மகள் திருமணத்துக்குப் போவது மூன்றாம் தளம். நோயாளி விரும்புவது கடைசித் தளத்தில் இருக்கும். அதை அவரிடமே கேட்டு, அங்கிருந்து பின்னோக்கிப் பயிற்சியைத் திட்டமிடுவதே முறை.

புதிய கருவிகளைப் பற்றிப் பலரும் கேட்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு இரு கைகளையும் அசைக்கும் பயிற்சி செலவில்லாதது, சிலருக்கு உதவுகிறது. ரோபோக்கள் எண்ணிக்கையைக் கூட்ட உதவும். கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவிக்கு அமெரிக்கா 2021-இல் அனுமதி அளித்தது. அதுவும் கைப்பயிற்சியோடு சேர்த்துத் தரப்படும்போது பயன்படுவதற்காகவே. பயிற்சி இல்லாமல் குணமாக்கும் என்று விற்கப்படும் எந்தக் கருவியிடமும், எண்ணெயிடமும், ஊசியிடமும் எச்சரிக்கையாக இருங்கள்.

குடும்பத்தார் செய்யக்கூடிய மிகக் கடினமான உதவி, கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுதான். அவர் பொத்தான் போட ஐந்து நிமிடம் ஆகும். நாம் போட்டுவிட்டால் ஐந்து நொடி. நேரம் இருக்கும்போதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தை அவருக்கு விட்டுவிடுங்கள், களைத்துவிட்டால் உதவுங்கள். மூளை காயத்துக்குப் பின் வரும் களைப்பு சாதாரணக் களைப்பைப் போன்றதல்ல, அதனால் பயிற்சிக்கு நடுவே ஓய்வும் இரவில் நல்ல தூக்கமும் சிகிச்சையில் சேர்த்தி. எத்தனை முறை எழுந்தார், எத்தனை அடி நடந்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த முறை சிகிச்சையாளரைப் பார்க்கும்போது அந்த நோட்டைக் காட்டி, எதை மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். வந்த முன்னேற்றம் படிப்படியாகப் பின்வாங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்: தொற்று, மருந்தின் பக்கவிளைவு, தசை இறுக்கம், மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். திடீரென்று முகம் கோணினாலோ, புதிதாக ஒரு பக்கம் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ பயிற்சி நாளுக்காகக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.